கை பார்த்து அடிக்கிறவள்

மட்டாஞ்சேரியில் பிறந்து தாளம் தெரியாமல் வளர்வதற்குத்தான் தனித் திறமை வேண்டும். காலையில் பால் வாங்கப் போனால் கோயில் வாசலில் செண்டை. மத்தியானம் சர்ச் திருவிழாவுக்காகப் பேண்டுக்காரர்களின் ஸைடு டிரம் பயிற்சி. நவராத்திரி வந்துவிட்டால் குஜராத்தித் தெருவில் டோல் சத்தம், மீலாது வந்துவிட்டால் இரண்டு வரிசையாக நின்று தஃப் அடிக்கும் பிள்ளைகள், நடுவில் ஆள் புகுந்து போக முடியாது. இத்தனையும் தாண்டி வீட்டுக்கு வந்தால் அடுத்த மாடியில் யாராவது ஒருத்தர் கஜல் பாட உட்கார்ந்திருப்பார், இன்னொருத்தர் தபலாவுக்குச் சுதி சேர்த்துக்கொண்டிருப்பார். சேர்த்து முடித்ததாகச் சரித்திரம் இல்லை.

இந்த ஊரிலிருந்துகொண்டு ஜலீலா முப்பத்தாறு வயது வரைக்கும் டோலக்கைத் தவிர வேறெதையும் தொடவில்லை. ஆசை இல்லாமல் இல்லை, நேரம்தான் இல்லை. அவள் தையல்காரி. சுக்கும் மிளகும் மணக்கிற சந்து ஒன்றில் ஒற்றை ஷட்டர் கடை, இரண்டு மிஷின், ஒரு நீளமான வெட்டு மேஜை. கம்பத்திலிருந்து மிளகாய் வியாபாரத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்ட ராவுத்தர் குடும்பம் அவளுடையது. வீட்டில் தமிழ், வெளியே மலையாளம். அளவு நோட்டில் எழுதுவது மலையாளத்தில், துணி குறைந்துவிட்டால் திட்டுவது தமிழில்.

டோலக் வந்தது ஷபானாவின் ஒப்பனக் குழுவால். கல்யாணப் பெண்ணை நடுவில் உட்காரவைத்து, தோழிகள் சுற்றிச் சுற்றி வந்து கைகொட்டிப் பாடுவதுதான் ஒப்பன. அங்கே அதிகாரம் கைகளுக்குத்தான். கை வேகமெடுத்தால் டோலக்கும் வேகமெடுக்க வேண்டும், கை அடங்கினால் டோலக்கும் அடங்க வேண்டும். அடிக்கிறவளின் கண் ஆடுகிறவர்களின் கையை விட்டு நகரக் கூடாது. பதினாலு வருஷமாக ஜலீலா அப்படித்தான் அடித்துவந்தாள், அதில் அவளைக் குறை சொல்ல இந்தக் கரையில் ஆள் கிடையாது.

அந்தப் பழக்கத்தில்தான் சேவியரின் பேண்டுக்காரர்கள் கல்யாண மேடைகளுக்கு அவளைக் கூப்பிடுவார்கள். மருதாணி இடும்போது பாடுகிற மைலாஞ்சிப் பாட்டு இரண்டே இரண்டு. அது முடிந்ததும் மேடையிலிருந்து இறங்கிவிட வேண்டும். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். மிச்சமிருக்கும் இருபது பாட்டுக்கும் அதில் உட்கார்ந்து தொடையில் தட்டிக்கொண்டிருப்பாள். அந்த இருபதும் அவளுக்கு அடி அடியாக மனப்பாடம். மேலே இருப்பவன் ஓர் இடத்தில் தப்பினால் கீழே இவளுக்கு வயிறு எரியும். மேடையில் தாளக்காரன் உட்காரும் அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று மனசுக்குள் சொல்லிக்கொள்ளாத கல்யாணமே இல்லை.

ஒரு புதன்கிழமை சேவியர் ஒரு பேன்ட்டின் உயரம் குறைக்கக் கடைக்கு வந்தார். ஐம்பது வயது, கித்தார்க்காரர், தோப்பும்படி துறைமுகத்துக்கு மீன் வேலைக்கு வந்த குமரிமாவட்டத்துக் குடும்பம். பேன்ட்டைக் கொடுத்துவிட்டுப் போகாமல் ஸ்டூலில் உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"வெங்கிடேஷ் பெங்களூரு போயாச்சு ஜலீலா. டிரம்ஸுக்கு ஆளில்லை."

"வேற ஆள் போடுங்க சேட்டா."

"போட்டா பார்ட்டி சம்மதிக்கணுமே. மேடை வர வர சின்னதாவுது. பாட்டு மட்டும் எல்லாத் தினுசும் வேணும், ஆள் அஞ்சு பேருக்கு மேல வேண்டாம்னு சொல்றாங்க. தபலாவுக்கு ஒருத்தன், டிரம்ஸுக்கு ஒருத்தன், டோலக்குக்கு ஒரு ஆள், அந்தக் காலம் போச்சு கேட்டோ. இனி தாளத்துக்கு ஒரே நாற்காலி."

"ஹரிஷங்கர் இருக்காரே."

"கேட்டேன். தபலா தவிர வேறொண்ணும் தொட மாட்டானாம். பிளாஸ்டிக்கைத் தட்டறதுக்கு அவன் பொறந்து வரலையாம்."

"பின்னே என்ன செய்யப் போறீங்க?"

"கிருஷ்ணபிரசாத் எல்லாத் தாளத்தையும் ஒரு பென்டிரைவ்ல ஏத்தி வெச்சிருக்கான். கீபோர்டுலயே சொருகி பட்டனை அமுக்கினா செண்டை முதற்கொண்டு வருது. சாயா கேக்காது, சோறு கேக்காது, பஸ் கிடைக்கலைன்னு போன் பண்ணாது."

கத்தரிக்கோல் ஜலீலாவின் கையில் அப்படியே நின்றது. பதினாலு வருஷம் அவள் கண் வைத்திருந்த நாற்காலியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் துண்டு போய் உட்காரப் போகிறது. அவளுக்குக் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் பேசியது.

"நான் வாசிக்கறேன்."

"நீ டோலக்..."

"எல்லாத்தையும் வாசிக்கறேன்."

சேவியர் சிரிக்கவில்லை. அது அவரிடமிருக்கும் நல்ல குணம். விரல் விட்டு எண்ணினார். சுள்ளிக்கல் மண்டபத்தில் ஒரு கல்யாணம், நாற்பது நாள் இருக்கிறது. மாப்பிள்ளை வீடு இந்த ஊர், அவர்களுக்கு ஒப்பன வேண்டும், கஜல் வேண்டும். மாப்பிள்ளையின் வியாபாரக் கூட்டாளிகள் குஜராத்திகள், அவர்களுக்குத் தாண்டியா. ஜோடி மண்டபத்துக்குள் நடந்து வர ஒரு மெல்லிய இங்கிலீஷ் பாட்டு. பெண் வீடு கம்பம், அவர்களுக்குத் தமிழ்ப் பாட்டு, கடைசியில் குத்து.

"இத்தனையிலயும் நீ நின்னுட்டா நாற்காலி உனக்கு. இல்லேன்னா பென்டிரைவுக்கு," என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பேன்ட்டுக்கு அளவு கொடுக்க மறந்துபோனார்.

ஜலீலாவின் வீட்டுக்காரன் ஷாகுல் ஹமீதுக்கு எவர்சில்வர் பாத்திர வியாபாரம். விஷயத்தைக் கேட்டதும் தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கை நின்றது.

"உனக்கு டோலக்கை விட்டா வேற என்ன தெரியும்?"

"நாப்பது நாள் இருக்கு மச்சான்."

"ஒரு பிளவுஸ் தெக்க நீ ரெண்டு மாசம் எடுக்கறவ."

"அது அவங்க பிளவுஸ். இது என் நாற்காலி."

ஷாகுல் ஹமீது தட்டை வழித்துவிட்டு எழுந்தான். அன்றைக்கு ராத்திரியே பழைய டிரம்ஸ்காரன் விட்டுப்போன ரிதம் பேடை சேவியர் வீட்டிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து வைத்தான்.

எல்லா வாத்தியத்தையும் தொடுகிறவனுக்கு ஒன்றுமே உருப்படியாகத் தெரியாது என்று சொல்கிற ஞானிகள் நம்மில் நிறைய உண்டு. அவர்களைப் பிடித்து ஒரே ஒரு நாள் அந்தக் கல்யாண லிஸ்ட்டோடு மேடையில் உட்காரவைக்க வேண்டும், அப்போது தெரியும் சேதி. இன்றைக்குத் தாளக்காரன் ஒருத்தன் பிழைக்க வேண்டுமென்றால் கையும் குச்சியும் விரலும் முஷ்டியும் அவனுக்கு ஒன்றுபோல் பேச வேண்டும். ஜலீலாவுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. லிஸ்ட்டைப் பார்த்தாள், புரிந்துவிட்டது.

ரிதம் பேட் என்பது எட்டுக் கட்டம் போட்ட ரப்பர் பலகை. ஒவ்வொரு கட்டத்தையும் குச்சியால் தட்டினால் ஒவ்வொரு சத்தம். பலகையின் மூலையில் ஓர் எண் தெரியும், அதை மாற்றினால் எட்டுச் சத்தமும் மாறிப்போகும், இப்போது தஃப்பாக இருந்தது அடுத்த பாட்டில் செண்டையாகும். பலகையைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாதே. அதனால் வெட்டு மேஜையில் தையல் சாக்குக்கட்டியால் எட்டுக் கட்டம் வரைந்து, இரண்டு பென்சிலை வைத்துக்கொண்டு நாள் முழுக்கத் தட்டினாள். அந்த மேஜையிலேயே துணி விரித்தால் என்ன ஆகும்? ஒரு டீச்சருடைய கறுப்புப் பட்டுத் துணியில் எட்டுக் கட்டமும் அச்சாக விழுந்தது. டீச்சர் அதை டிசைன் என்று நினைத்து, சல்வாருக்கும் இப்படிப் போட முடியுமா என்று கேட்டாள். இவள் துவைத்துக் கொடுத்துவிட்டு வாயைத் திறக்கவில்லை.

சாயங்காலம் கடையைச் சாத்தியதும் ஊர் சுற்றல் ஆரம்பமாகும். குஜராத்தித் தெருவில் டோல் அடிக்கிறவரிடம் நின்றாள். ஒரு கையில் வளைந்த தடிக் குச்சி, மற்றதில் மெல்லிய மூங்கில், இரண்டுக்கும் இரண்டு மனசு வேண்டும் என்றார் அவர். பள்ளுருத்தி சர்ச் பேண்டில் ஸைடு டிரம் அடிக்கிற பிச்சை என்றொரு ஆட்டோ டிரைவர் இருக்கிறார். ஆட்டோவின் பின்ஸீட்டில் டிரம்மை வைத்து அவளை உட்காரச் சொன்னார்.

"நீ குச்சியைப் போட்டு அமுக்கறே. அமுக்காத. அது தானா துள்ளும், நீ விட்டுக்கொடு."

விட்டுக்கொடுக்க வரவில்லை. ஆறு நாள் வரவில்லை. ஏழாம் நாள் குச்சி அதுபாட்டுக்குத் துள்ளியது. அந்தச் சந்தோஷத்தில் ஜலீலா ஆட்டோவை விட்டு இறங்கி, பஸ் ஸ்டாப் வரைக்கும் நடக்காமல் ஓடினாள். முப்பத்தாறு வயசுக்காரி கையில் குச்சியோடு ஓடுவதைப் பார்த்து யாரையோ அடிக்கப் போகிறாள் என்று இரண்டு பேர் வழிவிட்டார்கள்.

தபலாவுக்கு ஹரிஷங்கரிடமே போனாள். பாலக்காட்டுக்காரன், அவளை விட ஏழு வயது இளையவன், விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகப் படித்துப் பட்டம் வாங்கினதுபோல் வாசிப்பான்.

"நாப்பது நாள்ல தபலா வராது இத்தா," என்றான். அக்காவுக்கு இந்த ஊரில் இத்தா.

"தபலா வர வேண்டாம். நாலு பாட்டு வந்தா மதி. ஒரு ஜுப்பா தெச்சுத் தரேன்."

"காலர் வெச்சதா?"

"வெச்சது."

அவன் ஒப்புக்கொண்டான். சொல்லிக்கொடுக்கையில் நெற்றியில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவள் தப்பினால் தன் தலையிலேயே தட்டிக்கொள்வான். புதிதாகக் கற்பதில் அவளுக்குக் கஷ்டமில்லை. பழையது போக மாட்டேன் என்றது. டோலக்கில் உள்ளங்கை விழுந்த பழக்கம் தபலாவிலும் வந்து விழுந்தது. தபலாவின் விரல் ரிதம் பேடில் போய்க் குச்சியைக் கெட்டியாகப் பிடித்தது. ஒரு வாத்தியத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது கை முந்தினதை மறக்க வேண்டும், திரும்பி வரும்போது ஞாபகம் வர வேண்டும். ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது இது நம்மால் ஆகாது என்று நினைத்தாள். ஒவ்வொரு நாளும் ஒரு தடவையாவது ஆகிவிடும் போலிருக்கிறதே என்றும் தோன்றியது.

இருபத்தைந்தாம் நாள் சேவியர் வீட்டு மாடியில் ஒத்திகை. கித்தார் சேவியர், கீபோர்டு கிருஷ்ணபிரசாத், பாட்டு ஸுப்ரியா. ஹரிஷங்கரும் தன் சிஷ்யையின் லட்சணத்தைப் பார்க்க வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தான். ஜலீலா எல்லாவற்றையும் சுற்றி வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தாள். முதல் பாட்டு ஓட்டமாக ஆரம்பித்தது. நடுவில் நடையாயிற்று. முடியும்போது தவழ்ந்தது. இரண்டாம் பாட்டும் அப்படியே. அடி ஒன்றும் தப்பவில்லை, எல்லாச் சத்தமும் சரியாகத்தான் விழுந்தது. பாட்டு மட்டும் ஈரத் துணிபோலக் கனத்துத் தொங்கியது.

சேவியர் கிருஷ்ணபிரசாத்தைப் பார்த்தார். அவன் பென்டிரைவைச் சொருகி அதே பாட்டை ஓடவிட்டான். பாட்டு நேராக நிமிர்ந்து ஓடியது. ஜலீலாவுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. பொருட்களை எடுத்துப் பையில் போடும்போது யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

படியிறங்கும்போது ஹரிஷங்கர் பின்னாலேயே வந்தான்.

"இத்தா, நான் போன்ல வீடியோ எடுத்தேன். பாருங்கோ."

"எதுக்கு, என் மானம் போனதை நானே பாக்கவா?"

"கையைப் பாக்காதீங்கோ. கண்ணைப் பாருங்கோ."

தெருவிளக்கின் கீழ் நின்று பார்த்தாள். வீடியோவில் இருந்தவளின் கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஸுப்ரியாவின் கை, சேவியரின் கை, கிருஷ்ணபிரசாத்தின் கை என்று தாவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் யாருடைய கையாவது முதலில் அசையட்டும் என்று ஒரு பொட்டு நேரம் காத்திருந்தது.

"நீங்க அவாளுக்காகக் காத்திருக்கேள். அவா உங்களுக்காகக் காத்திருக்கா. பின்னே பாட்டு எப்படிப் போகும்?" என்றான் ஹரிஷங்கர். "இங்கே கைகொட்டறதுக்கு யாரும் இல்லை இத்தா. முன்னாடி போக வேண்டியது நீங்கதான்."

பதினாலு வருஷத்தில் யாராலும் குறை சொல்ல முடியாத வேலை, இங்கே குறையாகிவிட்டது. ஒப்பனக்காரி ஒருத்தியால் மட்டுமே செய்ய முடிகிற தப்பு. அதைக் கேட்டதும் அழுகை வரும் என்றுதான் நினைத்தாள். வந்தது சிரிப்பு. நோய் என்னவென்று தெரிந்துவிட்டதே, போதும்.

மறுநாள் காலையில் அவள் வாத்தியங்களைச் சமையலறைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். சுவருக்குக் கை கிடையாது. பிறகு ஷாகுல் ஹமீதைக் கூப்பிட்டாள்.

"மச்சான், நான் வாசிக்கறப்ப நீங்க பின்னாடி நின்னு கை தட்டணும். தப்புத் தப்பா தட்டணும்."

"நான் சரியாத் தட்டினாலே தப்பாத்தானே விழும்."

"அதுதான் வேணும்."

ஆளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. கை போதாமல் கடையிலிருந்து இரண்டு எவர்சில்வர் தட்டு கொண்டுவந்தான். அவள் நிதானமாக வாசித்தால் இவன் ஓடுவான். அவள் ஓடினால் இவன் நின்று நிதானமாக ஒன்று போடுவான். முதல் நாலு நாள் தட்டுச் சத்தம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிற்று. அக்கம்பக்கத்தில் வீட்டுக்குள் பெரிய சண்டை என்று பேச்சு, பக்கத்து வீட்டு உம்மா ஜன்னல் வழியாக "எந்தா மோளே, அவன் அடிக்கிறானா?" என்றே கேட்டுவிட்டாள். ஒன்பதாம் நாள் ஷாகுல் ஹமீது தட்டிக்கொண்டே இருந்தவன் திடீரென்று நின்றான்.

"என்ன மச்சான்?"

"தப்பாத் தட்ட வரமாட்டேங்குது. உன் பின்னாலேயே வருது."

அவள் திரும்பிப் பார்க்காமல் இன்னொரு சுற்று வாசித்தாள். கண்ணில் நீர் கட்டிக்கொண்டிருந்தது, அதை அவன் பார்க்க வேண்டாம் என்று.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பதினோரு மணி. சுள்ளிக்கல் மண்டபத்து மேடை நாலு கட்டில் அகலம்தான் இருக்கும். ஜலீலா ஒரு மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்தாள், அந்தப் பெட்டியே ஒரு வாத்தியம், உட்கார்ந்தபடி கால்களுக்கு நடுவில் தட்டினால் டிரம்ஸ்போல் கேட்கும். இடது பக்கம் தபலா, வலது பக்கம் ரிதம் பேட், முன்னால் டோலக். கிருஷ்ணபிரசாத்தின் கீபோர்டில் பென்டிரைவ் சொருகியிருந்தது. அவள் தடுமாறினால் அமுக்கிவிடு என்று சேவியர் அவனிடம் சொல்லியிருந்தார். மறைவாகச் சொல்லவில்லை, அவளை வைத்துக்கொண்டே சொன்னார். அவன் விரல் பட்டனுக்குப் பக்கத்தில் தயாராக இருந்தது.

முதலில் ஷபானாவின் குழு ஒப்பனக்கு வந்தது. அங்கே அவள் கையைப் பார்த்துத்தான் அடித்தாள், அங்கே அதுதான் மரியாதை. பிறகு கஜல். ஸுப்ரியா பாட, ஜலீலா தபலாவில் அதிகம் வேலை காட்டாமல் அடக்கமாகக் கூடப் போனாள். முன்வரிசைப் பெரியவர்கள் பாதித் தலை ஆட்டினார்கள். முழுத் தலைக்கு இன்னும் பத்து வருஷம் ஆகும் என்று அவளுக்கே தெரியும். புதுக் காலர் ஜுப்பாவில் வந்திருந்த ஹரிஷங்கர் பந்தி வரிசையில் நின்றபடி ஒரு புருவத்தைத் தூக்கினான். பரவாயில்லை என்று அர்த்தம்.

அடுத்து ஜோடி நடந்து வர வேண்டும். விளக்கெல்லாம் தணித்தார்கள். கதவு திறந்தது. கிருஷ்ணபிரசாத் கீபோர்டில் பனி பெய்வதுபோல் ஆரம்பித்தான். ஜலீலா தபலாவை விட்டுக் குச்சியை எடுத்து, ரிதம் பேடின் முதல் கட்டத்தில் மெத்தென்று ஓர் அடி வைத்தாள்.

படீரென்று செண்டை விழுந்தது.

பேடின் எண் செண்டையிலேயே இருந்தது, மாற்ற மறந்துவிட்டாள். பெண் திடுக்கிட்டு நின்றுவிட்டாள், மாப்பிள்ளை மேடையைப் பார்த்தான், சேவியரின் முகம் வெளுத்தது. கிருஷ்ணபிரசாத்தின் விரல் பட்டனில் போய் உட்கார்ந்தே விட்டது. அந்த ஒரு நொடியில் ஜலீலா யோசித்தாள் என்று சொல்வது பொய், யோசிக்க நேரம் எங்கே இருந்தது? இரண்டாம் அடியையும் செண்டையிலேயே போட்டாள். மூன்றாவதையும் போட்டாள், இன்னும் பலமாக. பிறகு ஒரு கையால் எண்ணை மாற்றிக்கொண்டே மறு கையால் செண்டையை உருட்டி, உருட்டலைச் சன்னமாக்கி, அது அடங்கின இடத்தில் பெட்டியில் மெதுவான அடியை எடுத்துவைத்தாள். வரவேற்புக்கென்றே வைத்த கொட்டு என்று நினைத்து மண்டபம் கைதட்டியது. பெண்ணும் சிரித்துவிட்டு நடந்தாள். கிருஷ்ணபிரசாத் விரலை எடுத்துவிட்டான். சேவியர் கித்தாரை வாசித்தபடியே கைக்குட்டையைத் தேடினார்.

அதற்குப் பிறகு ஜலீலாவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. தாண்டியாவில் இரண்டு குச்சிக்கும் இரண்டு மனசு வந்தது. குஜராத்தி வியாபாரிகள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டுச் சுற்ற ஆரம்பித்தார்கள். ஸுப்ரியா பாட்டுக்கு நடுவில் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள். இவ்வளவு நாளும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தொடையில் தட்டின பாட்டெல்லாம் இப்போது ஸ்பீக்கரில் அவள் கையால் கேட்டது, அதை நினைக்க நினைக்க உடம்பு புல்லரித்தது.

கடைசியாகத் தமிழ்ப் பாட்டு. கம்பத்துக்காரர்கள் காலையிலிருந்து ஒரு மூலையில் விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். பாஷை புரியாத மண்டபம், அவர்களுக்கு யாரிடமும் பேச்சில்லை. பெண்ணைப் பெற்ற அத்தா மட்டும் உட்காரவே இல்லை. வெள்ளை வேட்டியும் புதுச் செருப்புமாகப் பந்திக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தார். யாருக்காவது எதுவும் குறைந்துவிடக் கூடாதே என்ற கவலை ஆளை ஒரு சுற்று இளைக்க வைத்திருந்தது. ஜலீலா டோலக்கையும் பெட்டியையும் சேர்த்துக் குத்தை எடுத்தாள். நாலாவது அடியில் அந்த மூலையில் ஒரு நாற்காலி பின்னால் நகர்ந்தது. அப்புறம் வரிசையாக எல்லா நாற்காலியும் நகர்ந்தன. பையன்களும் மாமன்மார்களும் இறங்கினார்கள், மாமிமார்கள் முந்தானையைச் செருகிக்கொண்டு ஓரமாக ஆரம்பித்து நடுவுக்கே வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். யார் எந்த வீடு என்று தெரியாமல் போயிற்று.

மண்டபத்து மேனேஜர் அடுத்த பந்தி தயார் என்று வாசலிலிருந்து சைகை காட்டினார். சேவியர் தலையாட்டிவிட்டு வலது கையை உயர்த்தினார். இந்தச் சுற்றோடு முடி என்று அர்த்தம். அந்தக் கை உயர்ந்தால் பேண்டில் யாராக இருந்தாலும் முடிக்க வேண்டும், இருபது வருஷச் சட்டம் அது.

ஜலீலா கையைப் பார்த்தாள். அந்தக் கைக்கு அப்பால், தூணோரத்தில், பெண்ணின் அத்தா குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். கழற்றி ஓரமாக வைத்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார். அவர் இன்னும் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை.

அவள் முடிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு டோலக்கில் ஒரு திருப்பம் போட்டு, பாட்டை முதலிலிருந்து எடுத்தாள், முன்னிலும் வேகமாக. கிருஷ்ணபிரசாத் ஒரு கணம் விழித்துவிட்டுக் கூடவே வந்தான். ஸுப்ரியா சிரித்துக்கொண்டே பல்லவிக்குத் திரும்பினாள். சேவியரின் கை மேலேயே சற்று நேரம் தனியாக நின்றது. பிறகு வேறு வழியில்லாமல் கித்தாருக்கு இறங்கி வந்தது.

பெண்ணின் அத்தா ஆடினார். ஆட்டம் என்று சொல்ல முடியாது, கையைத் தூக்கிக்கொண்டு குதித்தார். பெண் மணமேடையிலிருந்து இறங்கி ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் ஆடிக்கொண்டே அழுதார், அழுதுகொண்டே ஆடினார். சுற்றியிருந்தவர்கள் வட்டமாக நின்று தட்டினார்கள், முந்நூறு ஜோடிக் கை, ஒன்றும் பிசகாமல் அவள் அடியின் மேல் விழுந்தது.

எல்லாம் ஓய்ந்த பிறகு சேவியர் கித்தாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். இழுத்ததையே மறுபடி இழுத்தார்.

"நான் கை காட்டினேன், கண்டில்லே?"

"கண்டேன் சேட்டா."

"பின்னே?"

"அவர் அப்பத்தான் செருப்பைக் கழட்டினார்."

சேவியர் திரும்பிப் பார்த்தார். பெண்ணின் அத்தா தூணில் சாய்ந்து வெறுங்காலோடு தரையில் உட்கார்ந்திருந்தார், யாரோ தட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள், மனுஷன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. சேவியர் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு கித்தார்ப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜலீலா டோலக்கை உறையில் போட்டாள். கட்டளையை மீறிவிட்டோம், நாற்காலி போயிற்று என்றுதான் நினைத்தாள். ஆனாலும் அந்தச் சுற்றை வாசித்ததற்கு வருத்தப்பட அவளால் முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை போன் வந்தது. சனிக்கிழமை ஏலூரில் ஒரு தொழிலாளர் குடியிருப்பு விழா, பத்து மணிக்கு வேன் வரும் என்றார் சேவியர். எத்தனை பாட்டுக்கு என்று அவள் கேட்டாள். வேன் பத்து மணிக்கு என்று மறுபடி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சனிக்கிழமை ஏலூர் மேடையில் அவள் மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். முதல் பாட்டை எப்போதும் சேவியர்தான் ஒன்று இரண்டு எண்ணி ஆரம்பிப்பார். அவர் எண்ணுவதற்காக அவள் காத்திருந்தாள். அவர் எண்ணவில்லை. கித்தாரைப் பிடித்தபடி அவள் பக்கம் திரும்பி நின்றார். கிருஷ்ணபிரசாத்தும் திரும்பினான், ஸுப்ரியாவும் மைக்கோடு திரும்பினாள். மூன்று பேரும் அவள் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஜலீலா நிமிர்ந்து உட்கார்ந்தாள். குச்சியைத் தூக்கி, தமிழில் எண்ணினாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு."